காகம், கீரி, மயில்: சேவல் நிறங்களைக் காத்த ஒரு நம்பிக்கை

மதுரைக்கு மேற்கே தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று நீளும் ஊர்களில் பழைய சண்டைச் சேவல் வளர்ப்பாளர்களிடம் ஒரு சேவலின் நிறத்தைக் கேட்டால் கறுப்பு, சிவப்பு என்று பதில் வருவதில்லை. காகம் என்பார்கள், வல்லூறு என்பார்கள், மயில், ஆந்தை, கீரி, நூலான், பூதி என்று அடுக்குவார்கள். உச்சி முதல் வால் நுனி வரை கறுத்திருந்தால் அது காகம். கீரிப்பிள்ளையின் மயிர்போல ஒவ்வோர் இறகிலும் பழுப்பும் கறுப்பும் கலந்து கிடந்தால் அது கீரி. அதிலேயே சிவப்பு ஓங்கினால் செங்கீரி, கறுப்பு ஓங்கினால் கருங்கீரி. ஒரே பெயருக்கு ஊருக்கு ஊர் பொருள் சற்று மாறும் என்றாலும், இறகைப் பார்த்துப் பிரித்துப் பெயரிடும் பழக்கம் மட்டும் தென் தமிழகம் முழுக்க ஒன்றுதான். இந்தப் பெயர்களை வெறும் செல்லப் பெயர்களாக எடுத்துக்கொண்டால் ஒரு பெரிய வரலாற்றைத் தவறவிடுவோம். நம் நாட்டுக்கோழிகளில் இத்தனை நிறங்கள் இன்றைக்கும் மிஞ்சியிருப்பதற்கு இந்தப் பெயர்களும், இவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு சோதிட நம்பிக்கையும் முக்கியக் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம். அழகுக்காக நிறத்தைத் தேடிய மரபு இங்கே வலுவாக இருந்ததில்லை. ஆனாலும் நிறங்கள் தப்பின. எப்படித் தப்பின என்பதுதான் கேள்வி.

முதலில் பழமையைப் பார்த்துவிடலாம். சேவற்போர் நமக்குச் சங்க காலத்திலிருந்தே தெரிந்தது. விலக்கிவிட ஆளில்லாமல் குப்பைமேட்டில் தாமே சண்டையிட்டுக்கொள்ளும் கோழிகளை உவமையாக்கிய குறுந்தொகைப் புலவர் ஒருவருக்குக் குப்பைக்கோழியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆளில்லாத சண்டையை ஒருவர் உவமையாகச் சொல்கிறார் என்றால், ஆள் நின்று நடத்திய சண்டையும் கேட்பவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் பொருள். அதைவிட உறுதியான சான்று கல்லில் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்திலும், அச்சரப்பாக்கத்தை ஒட்டிய இந்தளூரிலும் கிடைத்த நடுகற்கள், மனிதருக்காக இல்லாமல் சண்டையில் மாண்ட சேவல்களுக்காக நாட்டப்பட்டவை. சுமார் 1500 ஆண்டுப் பழமை கொண்டவை. முகையூர் மேற்சேரிக் கோழி என்று ஒன்றில் ஊரும் சேரியும் குறிக்கப்பட்டிருக்கின்றன. மற்றொன்றில் கீழ்ச்சேரிக் கோழியின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது, பொற்கொற்றி என்று. பெயரில் உள்ள பொன் அதன் இறகின் நிறமா, பாராட்டு மொழியா என்று கல் சொல்லவில்லை. ஆனால் ஒரு சேவலைக் கூட்டத்திலிருந்து பிரித்து, பெயரிட்டு, ஊரோடு சேர்த்து நினைவில் வைக்கும் கண் அப்போதே நமக்கு இருந்தது. நிறத்துக்குப் பெயர் வைப்பது அந்தக் கண்ணின் வேலைதான்.

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கோழியை விட்டுவிட முடியாது. மேகமலையிலும் வருசநாட்டு மலையிலும் குமுளிக்கு ஏறும் காடுகளிலும் கூவும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி அது. அதன் சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகைச் சொட்டியதுபோல் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். வேறு எந்தக் காட்டுக்கோழிக்கும் இப்படி இல்லை. கானங்கோழிச் சேவலின் புள்ளி பொறித்த கழுத்தைக் குறுந்தொகைப் பாட்டு ஒன்று குறிக்கிறது. பறவை நூல்கள் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே சரியான அடையாளத்தைச் சரியாகப் பிடித்த பார்வை அது. பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா இந்தக் கோழியை 1782-ல் வெளியான தன் பயண நூலில் விவரித்து, வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே என்று கருதினார். 1813-ல் இதற்கு வைக்கப்பட்ட அறிவியல் பெயரிலும் சொன்னராவின் பெயர் இருக்கிறது. 1868-ல் டார்வின் அந்தக் கருத்தை மறுத்தார். இதன் குரல் வேறு, கழுத்து இறகு வேறு, வீட்டுக்கோழியோடு கலந்து பிறப்பவை எளிதில் இனம் பெருக்குவதில்லை, ஆகவே சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றே மூலம் என்றார். பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் டார்வின் பக்கமே நின்றன. 2022-ல் வெளியான ஆய்வு, தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளையே உறுதியான மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் என்றது. அவற்றின் காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடையே. அதாவது வீட்டுக்கோழி நமக்குக் கிழக்கிலிருந்து வந்த விருந்தாளி.

ஆனால் சொன்னரா முழுக்கத் தோற்கவில்லை. 2008-ல் சுவீடன் நாட்டு உப்சாலா ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உலகமெங்கும் வீட்டுக்கோழிகளில் காணப்படும் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு வடிவம், சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததாகத் தெரியவில்லை. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே அது கலந்திருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். எங்கோ ஒரு காட்டோரத்தில், இரண்டு இனங்களும் அரிதாகக் கலந்து, அரிதாகப் பிழைத்த சில குஞ்சுகள் வழியே அந்த மஞ்சள் ஊருக்குள் வந்தது. அது கம்பத்துக் காடுதான் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கோழி வாழும் மலைத்தொடர் நீளமானது. இங்கே நமக்கு வேண்டிய பாடம் வேறு. காட்டிலிருந்து கால் நிறம் வந்தது, கழுத்தின் மெழுகுப் புள்ளி வரவில்லை. நம் சேவல்களின் இறகு நிறங்கள் காட்டிலிருந்து இறங்கியவை அல்ல, வீட்டு முற்றத்தில் தோன்றியவை. காட்டில் வெள்ளைக் குஞ்சோ முழுக் கறுப்புக் குஞ்சோ பிறந்தால் பருந்தின் கண்ணில் முதலில் படுவது அதுதான். முற்றத்தில் மட்டுமே அது வளர்ந்து பெரிதாக முடியும், அதுவும் அதைக் காப்பாற்ற ஒருவருக்குக் காரணம் இருந்தால்.

அந்தக் காரணத்தைத் தேடிப் போனால் பஞ்சபட்சி சாஸ்திரத்துக்கு வந்து நிற்கிறோம். சித்தர்கள் பேரில் வழங்கும் இந்தச் சோதிட முறையில் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பட்சிகள். மனிதருக்கு நட்சத்திரத்தை வைத்தோ பெயரின் முதல் உயிரெழுத்தை வைத்தோ பட்சி சொல்வார்கள். சேவலுக்கு அதன் நிறமே பட்சி. பகல் ஐந்து சாமம், இரவு ஐந்து சாமம். ஒரு சாமம் ஆறு நாழிகை, நம் கடிகாரக் கணக்கில் 2 மணி 24 நிமிடம். ஒவ்வொரு சாமத்திலும் ஐந்து பட்சிகளும் ஐந்து தொழில்களில் இருக்கும்: ஒன்று அரசு, ஒன்று ஊண், ஒன்று நடை, ஒன்று துயில், ஒன்று சாவு. கிழமை மாறினாலும், வளர்பிறை போய்த் தேய்பிறை வந்தாலும் இந்த வரிசை மாறும். அரசில் இருக்கும் பட்சியின் நிறமுள்ள சேவலை, சாவில் இருக்கும் பட்சியின் நிறமுள்ள சேவலோடு விட்டால் வெற்றி என்பது நம்பிக்கை. ஆந்திரத்திலும் இதே முறை உண்டு. அங்கே காகி, டேகா, நெமலி என்பவை நம் காகம், வல்லூறு, மயில்தான். பீமாவரம் பக்கம் சங்கராந்திச் சண்டைகளில் இன்றும் நாளும் நிறமும் பார்க்கிறார்கள்.

இந்த அட்டவணையின் உள்ளே ஒளிந்திருக்கும் விளைவைக் கவனிக்க வேண்டும். எந்த நிறமும் எப்போதும் அரசாளாது, எந்த நிறமும் எப்போதும் சாகாது. வெள்ளிக்கிழமை காலையில் மதிப்பிழந்த காகம் மாலையில் மதிப்புப் பெறும். ஆகவே சேவல் கட்டு எனப்படும் சண்டைக் களத்துக்குப் போகும் ஒருவர் ஒரே நிறத்தை மட்டும் வளர்த்தால் அவருக்குப் பாதி நாள் கதவு அடைத்திருக்கும். எல்லா நிறமும் கையில் இருக்க வேண்டும், அல்லது பக்கத்து ஊரிலாவது இருக்க வேண்டும். ஒரு நிறம் அருகிப்போனால் அதன் சாமத்தில் களத்தில் இறக்க அந்த நிறச் சேவலைத் தேடுவார்கள், அதற்கு விலை ஏறும், அதன் பெட்டையைத் தேடிப் போய் முட்டை வாங்கி அடைவைப்பார்கள். அரிதானதற்கு மதிப்புக் கூடும்படி அமைந்த எந்த ஏற்பாடும் பன்மையைக் காக்கும். பஞ்சபட்சியை வகுத்தவர்கள் கோழி இனப் பாதுகாப்பை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வகுத்த அட்டவணை அந்த வேலையைச் செய்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு நிலமும் மக்களும் துணை நின்றார்கள் என்று கருத இடமிருக்கிறது. மூன்று பக்கம் மலை சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கில் தமிழ் பேசுவோரோடு, நாயக்கர் காலத்தை ஒட்டி வந்து குடியேறிய தெலுங்கு, கன்னடம் பேசும் குடிகளும் வாழ்கிறார்கள். போடிநாயக்கனூர், கண்டமனூர் போன்ற பாளையங்கள் இருந்த பகுதி இது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ராவுத்தர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். காகம் என்ற தமிழும், யாகூத் என்ற பாரசீக வழிச் சொல்லும் சண்டைச் சேவல் உலகில் நிறப் பெயர்களாகப் பக்கத்துப் பக்கத்தில் புழங்குவது இத்தகைய கலப்பின் தடயம் என்பது என் கணிப்பு. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறந்து பள்ளத்தாக்கில் தண்ணீர் பாய்ந்த பிறகு நெல் பெருகியது. களத்தில் சிந்திய நெல்லை மேய்ந்து வளரும் கோழிக்கு அதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கறுப்புச் சேவல் கேட்கும் கருப்பசாமியும், குறித்த நிறத்தில் பலி ஏற்கும் பிற காவல் தெய்வங்களும் அல்லவா நிறங்களைக் காத்தன என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. ஆனால் நேர்த்திக்கடன் ஒன்றிரண்டு நிறங்களையே கேட்கிறது, கேட்டதை வாங்கி அறுத்தும் விடுகிறது. அதிலிருந்து அடுத்த தலைமுறை பிறப்பதில்லை. 1950-ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டத்தை 2003-ல் அரசு கண்டிப்பாக அமல்படுத்த முனைந்து, 2004-ல் சட்டத்தையே விலக்கிக்கொண்டது. நிறம் பார்க்கும் சந்தையின் ஒரு பகுதி அந்தப் பலியை நம்பியிருந்தாலும், கீரியையும் நூலானையும் பூதியையும் பெயர் சொல்லிக் கேட்கும் தெய்வம் இல்லை. அவற்றைக் கேட்டது சேவல் கட்டுதான்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. நிறத்துக்கும் வெற்றிக்கும் தொடர்பே இல்லையே, மூடநம்பிக்கைக்கு இப்படி ஒரு பெருமையா என்பது அது. தொடர்பு இல்லை என்பதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். எடை, வயது, பயிற்சி, அடியின் வேகம், அன்றைய உடல்நிலை இவைதான் சண்டையை முடிவு செய்யும். அனுபவசாலிகள் எடை பார்த்தே சோடி சேர்ப்பதற்கும் அதுவே காரணம். ஆனால் என் வாதத்துக்கு நம்பிக்கை உண்மையாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. நிறம் உண்மையாகவே வெற்றியைத் தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெல்லும் நிறம் ஒன்று மட்டும் பெருகி மற்றவை பத்துப் பதினைந்து தலைமுறையில் மறைந்திருக்கும். தொடர்பு இல்லாததால்தான் தேர்வு உடலின் மேல் நடந்தது, நிறங்கள் தம் போக்கில் பிழைத்தன.

மரபியல் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. விலங்குகளிலும் மெண்டலின் விதிகள் செல்லும் என்று 1902-ல் வில்லியம் பேட்சன் காட்டியது கோழிகளை வைத்துத்தான். சாம்பல் நிறத்தை எடுத்துக்கொள்வோம். கறுப்பை நீர்த்துப்போகச் செய்யும் மரபணு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் குஞ்சு சாம்பல். இத்தகைய சாம்பல் சேவலையும் சாம்பல் பெட்டையையும் சேர்த்தால் பாதிக் குஞ்சுகளே சாம்பலாகப் பொரியும். கால் பங்கு கறுப்பு, கால் பங்கு திட்டுத்திட்டான அழுக்கு வெள்ளை. எத்தனை தலைமுறை முயன்றாலும் இந்த நிறத்தை முழுமையாக நிலைநிறுத்த முடியாது. நிறம் மாறாத தூய இனம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு இது தோல்வி. ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு பெயர் தயாராக வைத்திருப்பவருக்கு ஒரே அடையில் மூன்று பட்சி. பெயர்கள் நிறையக் கையில் இருந்ததால் இங்கே கழிவு என்று ஒதுக்க வேண்டிய நிறம் குறைவாக இருந்தது.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கும் சண்டைச் சேவல்களுக்கு நிறப் பெயர்கள் ஏராளம் இருந்தன. 1835-லும் 1849-லும் வந்த சட்டங்கள் சேவற்போரைத் தடுத்தன. இடையில் 1845-ல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் முதல் பெரிய கோழிக் கண்காட்சி நடந்தது. 1865-ல் ஒவ்வொரு இனத்துக்கும் இலக்கணம் வகுத்த நூல் அச்சாகியது. நிறங்கள் அங்கேயும் தப்பின என்பதை மறைக்கக் கூடாது. இறகின் ஓரத்துக்குக் கரை கட்டிய சீபிரைட் குறுங்கோழி போன்ற அற்புதங்கள் அந்த நாட்டு வளர்ப்பாளர்களின் சாதனை. ஆனால் நிறம் ஒவ்வொன்றும் தனிக் கூண்டில் அடைபட்டது, கலப்பு குற்றமானது, நெருங்கிய உறவிலேயே இனம் பெருக்கினார்கள். சண்டைச் சேவலின் உடலோ மேடைக்காகக் காலும் கழுத்தும் நீண்டு நீண்டு, சண்டைக்கு எந்த விதத்திலும் உதவாத வடிவமானது. நவீன சண்டைக்கோழி என்று பெயர் பெற்ற அந்த இனத்தின் கொக்குக் காலைப் படத்தில் பார்த்தாலே புரியும்.

நம் சண்டைச் சேவல் இனமான அசிலும் அதே காலத்தில் கப்பலேறியது. கார்ன்வால் பகுதியில் அதை உள்நாட்டுக் கோழிகளோடு கலந்து இந்தியச் சண்டைக்கோழி என்று ஓர் இனம் உருவாக்கினார்கள். அகன்ற மார்பும் திரண்ட சதையும் கொண்ட அந்த இனம்தான் பின்னர் கார்னிஷ் எனப்பட்டது. அமெரிக்காவில் கறிக்கோழித் தொழில் வளர்ந்தபோது ஆண் வழிக்கு அதையே பிடித்துக்கொண்டார்கள். இறகைப் பறித்தபின் கறுத்த இறகுக் குருத்துகள் தோலில் தெரிந்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார் என்பதற்காக, மற்ற நிறங்களை அமுக்கிவிடும் வெள்ளை மரபணுவை ஏற்றி எல்லாவற்றையும் வெள்ளையாக்கினார்கள். பல்லடத்துப் பண்ணைகளிலிருந்து வண்டியேறித் தேனிக் கடைகளில் தொங்கும் பிராய்லர் கோழியின் உடலில் நம் அசிலின் ரத்தம் ஓடுகிறது. நிறம் மட்டும் துடைக்கப்பட்டிருக்கிறது. அதன் வெள்ளை இறகுக்கு அடியில் எந்தப் பட்சி உறங்குகிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் சேவல் கட்டு திரும்ப வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளைச் சண்டைக்கு ஏவுவதைக் குற்றம் என்கிறது. காலில் கத்தி கட்டிவிடும் கத்திக்கால் கட்டில் சேவல் படும் பாட்டை அறிந்த எவரும் அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. சூதும் கடனும் குடும்பங்களைத் தின்ற கதைகளும் அதோடு சேர்ந்தவை. ஆனால் சண்டை போனதும் அதைச் சுற்றி இருந்த நிறக் கணக்கும் போய்விடும் என்பதை நாம் கணக்கில் எடுக்கவில்லை. இப்போது அந்த இடத்துக்கு வந்திருப்பது கண்காட்சி. கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்குத் திண்டுக்கல் உட்படப் பல ஊர்களில் காட்சிகள் நடக்கின்றன. வளைந்த மூக்கும் விரிந்த வாலும் வாய்த்த சேவலுக்கு லட்சங்களில் விலை பேசப்படுகிறது. ரத்தமில்லாத இந்த மாற்றத்தை வரவேற்கிறேன். ஆனால் கண்காட்சியில் அட்டவணை கிடையாது. அங்கே மூக்குக்கும் வாலுக்கும் எந்நேரமும் அரசுதான். புறா வளர்ப்பிலும் பேர்பெற்ற சர் ஜான் சீபிரைட், கேட்ட இறகை மூன்று ஆண்டில் உருவாக்கித் தருவேன், தலைக்கும் அலகுக்கும் ஆறு ஆண்டு வேண்டும் என்று சொன்னதாக டார்வின் எழுதியிருக்கிறார். அலகைத் துரத்துபவர் கூடுதல் தலைமுறைகளைச் செலவிடுகிறார். அத்தனை தலைமுறையும் பரிசு பெற்ற ஒன்றிரண்டு சேவல்களின் வழியிலேயே போனால், அந்தச் சேவல்கள் எந்த நிறமோ அந்த நிறமே மிஞ்சும்.

பெயர்கள் இப்போதே உதிரத் தொடங்கிவிட்டன. வேளாண்மைக் கையேடுகளில் அசிலின் வகைகளாக பீலா, நூரி, காகர், சித்தா, டீக்கர், ரீசா என்று ஒரு பட்டியல் தமிழ் எழுத்தில் அச்சாகிறது. வடக்கிலிருந்து வந்த பட்டியல் அது. காகர் என்று படிக்கும் மாணவருக்கு, தன் ஊர்ப் பெரியவர் காகம் என்று சொல்வதும் அதையேதான் என்று யாராவது சொல்ல வேண்டும். தேனியில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு நிறப் பெயரையும் அதற்குரிய சேவல், பெட்டை, குஞ்சு மூன்றின் படத்தோடும் சொன்னவரின் ஊரோடும் பதிவு செய்வது அக்கல்லூரியின் மாணவர்களுக்கு ஒரு பருவத்து வேலை. கண்காட்சி நடத்துவோர் காகத்துக்கு ஒரு பரிசு, கீரிக்கு ஒரு பரிசு, பூதிக்கு ஒரு பரிசு என்று நிறவாரியாகப் பிரித்துத் தரட்டும். அரிய நிறத்துக்குக் கூடுதலாகத் தரட்டும். செங்கீரிக்கும் கருங்கீரிக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், இந்த வாரமே போய்க் கேட்டு எழுதி வையுங்கள்.